மணக்குடிக் காயல்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பழையாறு கடலைச் சேரும் இடம். நாஞ்சில் நாட்டு வயல்களின் வடிநீரையும் நாகர்கோவிலின் கழிவுநீரையும் சுமந்து, சுசீந்திரம் வழியே வரும் இச்சிற்றாறு இங்கே அகன்று காயலாகிறது. ஆற்றில் நீர் குறைந்தால் அலை மணலைக் குவித்துப் பொழி என்னும் ஆற்றுவாயை அடைத்துவிடும்.

இரு கரைகளிலும் மேலமணக்குடி, கீழமணக்குடி என்னும் மீனவ ஊர்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இரண்டையும் சிதைத்தது; அவற்றை இணைத்த பாலத்தின் கனத்த கான்கிரீட் தளங்களையே பெயர்த்து இழுத்துப் போனது. கண்ணெதிரே தெரிந்த அக்கரை சட்டென்று எட்டாத தூரமாயிற்று. பின்னர் புதுப் பாலம் வந்தது.

காயலோரம் கயிற்று நாருக்காகக் கதம்பை என்னும் தேங்காய் மட்டையை ஊறப்போடுவார்கள். அங்கே நீர் கறுத்து, அழுகல் வாடை மூக்கைத் துளைக்கும். உயிர்வளி குறைந்து மீன்குஞ்சுகள் பிழைப்பது கடினம். இந்த இழப்பைப் பற்றி இன்னும் உரக்கப் பேச வேண்டும். சற்றுத் தள்ளி அலையாத்தி மரங்களும், புத்தளம் உப்பளங்களில் இரைதேடும் நீர்ப்பறவைகளும் உண்டு.