கரும்பலகையைச் சூழ்ந்த வல்லுநர்கள்

ஒரு துறைக்கெனச் செயற்கை நுண்ணறிவு முகவர்களைக் குழுவாக அமைப்பது இன்று புதுமையாகப் பேசப்படுகிறது. அக்கருத்தின் வேர் அரை நூற்றாண்டுப் பழமையுடையது.

1971-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி முகமை, பேச்சைப் புரிந்துகொள்ளும் கணினிகளுக்கான ஐந்தாண்டுத் திட்டத்தைத் தொடங்கியது. ஏறத்தாழ 1,000 சொற்கள், 10 விழுக்காட்டிற்கும் குறைந்த பிழை என்பது இலக்கு. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அப்பணியை வழிநடத்தியவர் கிண்டி பொறியியல் கல்லூரியில் பயின்ற ராஜ் ரெட்டி.

அங்கு உருவான ஹியர்சே-2 அமைப்பில் அசை, சொல், தொடர் முதலிய நிலைகளுக்குத் தனித்தனி வல்லுநர் நிரல்கள் இருந்தன. அவை தம்முள் நேரடியாக உரையாடவில்லை. 'கரும்பலகை' எனப்பட்ட பொது நினைவகத்தில் ஒவ்வொன்றும் தன் ஊகத்தை நம்பக மதிப்புடன் பதிந்தது. மற்றவை அதனை வலுப்படுத்தின அல்லது மறுத்தன. அடுத்துச் செயற்பட வேண்டியது எது என்பதை ஒரு திட்டமிடுநிரல் தீர்மானித்தது.

ஆனால் 1976-இல் முந்தியது இக்குழுவன்று. அதே பல்கலைக்கழகத்தின் ஹார்ப்பி, அறிவு முழுவதையும் ஒரே வலைப்பின்னலாகத் தொகுத்து, இன்னும் குறைந்த பிழையுடன் இலக்கை எட்டியது. எனினும் கடலடி ஒலிகளைப் பகுத்தாயும் ஹாஸ்ப் போன்ற வேற்றுத்துறை அமைப்புகளுக்கு வழிகாட்டியது கரும்பலகையே. பிறவற்றை மாற்றாமலே புதிய வல்லுநரைச் சேர்க்க அது இடமளித்தது.

ஆகவே, முகவர்களின் எண்ணிக்கையைத் திட்டமிடுமுன் எழ வேண்டிய வினாக்கள் இரண்டு: அத்துறைக்குக் குழு உண்மையில் தேவையா? தேவையெனில், முரண்படும் ஊகங்கள் எங்கே பதியப்படும், அவற்றை யார் தீர்ப்பர்?