ஆனைக்கொம்பன்

மதுரைச் சிம்மக்கல்லை அடுத்து, வைகைக் கரையில் யானைக்கல் இருக்கிறது. ஆற்றைக் கடந்து மேலூர்ச் சாலை வழியே சென்றால், படுத்த யானையைப் போன்ற யானைமலை தோன்றும். அதைச் சூழ்ந்த கண்மாய்ப் பாசன வயல்களுக்கு மூன்றாவது யானை ஒன்றும் வருவதுண்டு. அது கொசு அளவே உள்ள ஓர் ஈ. உழவர்கள் அதற்கு இட்ட பெயர் ஆனைக்கொம்பன்.

மாணவ நண்பர்களே, பூச்சி தூண்ட, செடி தன் உடலையே வளர்த்து அதற்கு வீடு கட்டித் தருவதுண்டு. அவ்வீட்டைப் பூச்சிக்கழலை என்பர். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் மாசிக்காய் உண்மையில் காயன்று. ஓக் மரத்தில் ஒரு சிறு குளவி உண்டாக்கிய கழலை. கடுக்காய்ப்பூவும் பூவன்று, கடுக்காய் மரத்தின் கழலையே. கழலைகள் தாமே தோன்றுவன அல்ல, பூச்சியின் முட்டையால் விளைவன என்பதை இத்தாலிய அறிஞர் மால்பீகி 1679-ஆம் ஆண்டு நூலில் விளக்கினார்.

ஆனைக்கொம்பன் ஈ நெல்லின் இலையில் முட்டையிடும். சில நாட்களில் வெளிவரும் புழு, இலையுறையின் உட்புறமாக ஊர்ந்து குருத்தின் அடியை அடையும். அது அங்கே உண்ணத் தொடங்கியதும், இலையுறை வெண்மை படர்ந்த குழலாக நீளும். பார்வைக்கு அது வெங்காயத் தாள். உழவன் கண்ணுக்கு யானைத் தந்தம். அந்தத் தூரில் கதிர் வராது. குழலின் நுனியருகே துளையிட்டு ஈ பறந்துவிடும். உழவனுக்கு வெறுங்குழலே மிஞ்சும்.

1880-இல் பீகாரின் முங்கேர்ப் பகுதியில் இப்பூச்சி கண்டறியப்பட்டது. கல்கத்தா அருங்காட்சியகத்தைச் சேர்ந்த உட்-மேசன் என்பார் அதற்கு இட்ட அறிவியற் பெயர் 1889-இல் வெளியாயிற்று. வயலில் நெல் இல்லாத காலத்தில் அது எங்கே வாழ்கிறது என்பது அடுத்த வினா. நீர்நிலைகளில் தானே முளைக்கும் காட்டு நெல்லும், அறுவடைக்குப் பின் தழைக்கும் தாள்களும் அதற்குப் புகலிடம் என்பது தெரிந்தது. ஆயினும் அதற்குப் பகையும் உண்டு. பிளாட்டிகாஸ்டர் என்னும் நுண்குளவி, ஆனைக்கொம்பனின் உடலிலேயே தன் குஞ்சுகளை வளர்த்து அதனை அழிக்கிறது.

பூச்சியை வெல்லும் வழி நெல்லிலேயே கிடைத்தது. ஈஸ்வரகோரா என்னும் நாட்டு நெல்லில் இப்புழு பிழைப்பதில்லை. வாரங்கல் ஆராய்ச்சி நிலையத்தார் அதனை வேறொரு நெல்லுடன் கலந்து டபிள்யூ. 1263 என்னும் வகையை உருவாக்கினர். யானைமலை அருகில் 1965-இல் தொடங்கிய மதுரை வேளாண்மைக் கல்லூரியினர் அதனை ஐ.ஆர். 8 நெல்லுடன் கலந்து, எம்.டி.யு. 3 என்னும் வகையை உழவர்க்கு அளித்தனர்.

போர் அத்துடன் முடிந்துவிடவில்லை. எதிர்ப்புள்ள நெல்லிலும் வாழக் கற்ற ஈக்கள் தோன்றின. இந்தியாவில் ஏழு வகைகளை ஆய்வாளர் பிரித்தறிந்துள்ளனர். ஒரு பூட்டுக்கு அவை சாவி கண்டால், நாம் மற்றொரு பூட்டைத் தேடவேண்டும். அது பழைய நாட்டு நெல்லிலோ, கண்மாயில் எவரும் விதையாமல் நிற்கும் காட்டு நெல்லிலோ இருக்கக்கூடும். பூச்சிக்குப் புகலிடம் என்று நாம் வெறுக்கும் அப்பயிரே நாளைய மருந்தாகலாம். ஆகவே, பயனற்றது என்று ஒரு செடியை வேரோடு களைவதற்கு முன் அதனை ஒருமுறை உற்றுநோக்குங்கள். ஒரு குழலைக் கண்டு உழவன் ஒரு பெயர் இட்டான். அதிலிருந்தே இத்தனை அறிவும் வளர்ந்தது.