மேப்பிள் கூடும் கன்றுத்தோலும்: அமெரிக்கப் பழைய டிரம்களின் வரலாறு

ஒரே கலைஞர் அமர்ந்தபடி இரு கைகளாலும் இரு கால்களாலும் ஒருசேர வாசிக்கும் தோற்கருவிகளும் சிம்பல்களும் சேர்ந்த தொகுதியே டிரம் செட். இது இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது நாற்பது ஆண்டுகளில் அமெரிக்காவில் இன்றைய வடிவத்தை எட்டியது. அதைச் செய்த தொழில், சிகாகோ, இண்டியானா மாநிலத்து நகரங்கள், நியூயார்க்கின் புரூக்ளின் ஆகிய இடங்களில் குவிந்திருந்தது. அந்தத் தொழிற்சாலைகளில் 1920களுக்கும் 1970களுக்கும் இடையே உருவான டிரம்களைத் தேடி வாங்கி, பழுது நீக்கி, வாசித்து மகிழும் பொழுதுபோக்கு, அத்தொழிற்சாலைகள் செழித்திருந்த காலத்தில் தோன்றியதன்று. அவை கைமாறியும் இடம்பெயர்ந்தும் நலிந்தும் போன பிறகே வேர்கொண்டது. ஆகவே இப்பொழுதுபோக்கின் வரலாற்றை அத்தொழிலின் ஏற்ற இறக்கங்களிலிருந்து பிரித்துச் சொல்ல இயலாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ராணுவ பாண்டு குழுக்களில் பெரிய பாஸ் டிரம்மை ஒருவரும், அடித்தோலின் மீது நரம்பு அல்லது கம்பி இழைகள் படிந்து அதிர்வதால் பொரியும் ஒலி தரும் ஸ்நேர் டிரம்மை மற்றொருவரும் வாசித்தனர். இடமும் சம்பளப் பணமும் குறைவாக இருந்த நாடக அரங்குகளில் ஒருவரே இரண்டையும் அருகருகே வைத்துக்கொண்டு, கைக்குச்சிகளாலேயே மாறி மாறி அடிக்கும் முறை பரவியது. ஆனால் ராக்டைம் இசையின் வேகம் கூடக் கூட அம்முறை ஈடுகொடுக்கவில்லை. காலால் மிதித்துப் பாஸ் டிரம்மை அடிக்கும் பொறிகளைப் பலர் முயன்று பார்த்திருந்தாலும், விரைந்து மீளக்கூடிய பெடலை வடிவமைத்து விற்பனைக்குக் கொண்டுவந்து வெற்றி கண்டவர், ஜெர்மனியில் பிறந்து சிறுவயதில் சிகாகோவுக்கு வந்த வில்லியம் எஃப். லட்விக் என்ற டிரம் கலைஞர். அவரும் தம்பி தியோபால்டும் 1909இல் தொடங்கிய லட்விக் அண்ட் லட்விக் நிறுவனம் அந்தப் பெடலின் பலத்தில்தான் வளர்ந்தது. தியோபால்ட் 1918ஆம் ஆண்டின் இன்ஃப்ளூயன்ஸா கொள்ளைநோயில் இறந்த பின்னும், மௌனப்படத் திரையரங்குகளின் தேவை நிறுவனத்தை மேலே கொண்டுசென்றது. திரையில் குதிரை ஓடினாலும் ரயில் வந்தாலும் இடி இடித்தாலும் அதற்கேற்ற ஒலியை எழுப்புவது அரங்கின் டிரம் கலைஞருடைய வேலையாக இருந்ததால், மரக்கட்டைகள், மணிகள், சீழ்க்கைகள் எனத் துணைக்கருவிகள் பாஸ் டிரம்மைச் சுற்றி அடுக்கப்பட்டன.

அக்காலத்தின் மிக அழகிய பொருள் என்று சேகரிப்பாளர் பலர் கருதுவது, பிளாக் பியூட்டி என்று பெயர்பெற்ற 1920களின் லட்விக் ஸ்நேர் டிரம்மையே. அதன் பித்தளைக் கூட்டுக்கு, அதாவது உருளை வடிவ உடலுக்கு, கருமையான முலாம் பூசி, அம்முலாமைக் கையுளியால் கீறிப் பூவும் கொடியும் செதுக்கினர். கீறிய இடமெல்லாம் உள்ளிருக்கும் பித்தளை பொன்னிறமாகத் தெரியும். கையால் செதுக்கியவை என்பதால் ஒன்றின் கொடி மற்றொன்றில் அப்படியே அமைவதில்லை.

1927இல் பேசும்படம் வந்ததும் அரங்குகளின் இசைக்குழுக்கள் கலைக்கப்பட்டன. 1929இன் பொருளாதாரச் சரிவு எஞ்சிய சந்தையையும் குலைத்தது. லட்விக் தம் நிறுவனத்தை இண்டியானாவின் எல்கார்ட் நகரத்து சி. ஜி. கான் நிறுவனத்துக்கு விற்றார். இண்டியானாபொலிஸின் லீடி நிறுவனமும் அதே கைக்குப் போனது. சில ஆண்டுகள் அங்கே பணிபுரிந்து விலகிய வில்லியம் லட்விக் 1937இல் மீண்டும் சிகாகோவில் தொழில் தொடங்கியபோது, தம் சொந்தப் பெயரை வணிகப் பெயராகப் பயன்படுத்தும் உரிமை அவரிடம் இல்லை. தம் முதலெழுத்துகளைக் கொண்டு டபிள்யூ. எஃப். எல். என்றே பெயர் சூட்ட வேண்டியதாயிற்று. 1955இல்தான் லட்விக் என்ற பெயரை அவர் விலைகொடுத்து மீட்டார். கூட்டின் மீது பதிந்துள்ள பெயர்த்தகட்டை, அதாவது பேட்ஜை, முதலில் பார்ப்பது சேகரிப்பாளரின் வழக்கம்; அதில் டபிள்யூ. எஃப். எல். என்ற எழுத்துகள் இருந்தால் அந்த டிரம் அந்த இடைக்காலத்தைச் சேர்ந்தது என்று உடனே தெரிந்துவிடும். ஒரு மனிதர் தம் பெயரை இழந்திருந்த ஆண்டுகளுக்கு அந்தச் சிறு தகடே சாட்சி.

அதே சிகாகோவில் பான்ஜோவும் யூகலேலியும் செய்துவந்த ஸ்லிங்கர்லாண்ட் நிறுவனம் 1920களின் இறுதியில் டிரம் தொழிலில் இறங்கியது. 1930களின் நடுவில் பென்னி குட்மன் குழுவின் டிரம் கலைஞர் ஜீன் கிரூப்பா அந்நிறுவனத்தோடு இணைந்தது, டிரம் செட்டின் வடிவத்தையே மாற்றியது. அதுவரை டாம்-டாம் எனப்படும் நடுத்தர டிரம்கள் பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்தவை. அவற்றின் தோல் ஆணியால் அறையப்பட்டிருந்ததால் சுருதியை ஏற்றவோ இறக்கவோ வழியில்லை. மேலும் கீழும் திருகாணிகளால் முறுக்கிச் சுருதி கூட்டத்தக்க டாம்-டாமைக் கிரூப்பாவின் வற்புறுத்தலால் ஸ்லிங்கர்லாண்ட் செய்து கொடுத்தது. பெரிய பாஸ் டிரம், ஒரு ஸ்நேர், மேலே ஒரு டாம்-டாம், தரையில் நிற்கும் டாம்-டாம் ஒன்று என்ற அமைப்பு அதன் பின்னரே நிலைபெற்றது. அவர் வாசித்த ரேடியோ கிங் வரிசையின் ஸ்நேர் டிரம், முழு மேப்பிள் பலகை ஒன்றை நீராவியில் பதப்படுத்தி வளைத்து, இரு முனைகளையும் சரிவாகச் சீவி ஒட்டி, உள்ளே மேலும் கீழும் வலுவூட்டும் வளையங்கள் பொருத்திச் செய்யப்பட்டது. இன்று அதன் தோலைக் கழற்றிப் பார்ப்பவர், கூட்டின் உட்புறம் முழுவதும் ஒரே மரத்தின் ரேகை தடையின்றி ஓடி, ஒட்டிய இடத்தில் மட்டும் ஒரு சாய்ந்த கோடாக மடங்குவதைக் காணலாம். அந்த ஒட்டு எண்பது ஆண்டுகளாகப் பிரியாமல் இருப்பது தச்சர்களின் திறனைச் சொல்கிறது. பிரிந்தவையும் வட்டம் கோணியவையும் ஏராளம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின்போது, இசைக்கருவியின் எடையில் உலோகம் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்க அரசு கட்டுப்பாடு விதித்தது. திருகாணிகளைத் தாங்கும் லக் என்ற உறுப்பைக்கூட மரத்தில் கடைந்து செய்ய நேர்ந்தது. ஸ்லிங்கர்லாண்டின் ரோலிங் பாம்பர் வரிசை அத்தகையது. போர் முடிந்ததும் பலர் அவற்றை விரும்பாமல் ஒதுக்கினர் என்பதாலேயே இன்று அவை அரிதாகி, சேகரிப்பாளர்களால் போற்றப்படுகின்றன.

1950களின் நடுப்பகுதி வரை டிரம்களுக்குக் கன்றுத்தோலே பயன்பட்டது. மழைக்காலத்தில் தோல் தொய்ந்து மிருதங்கத்தின் சுருதி இறங்குவதைப் போலவே இவையும் ஈரக்காற்றில் தளர்ந்தன; பாஸ் டிரம்முக்குள் மின்விளக்கை எரியவிட்டு அந்த வெப்பத்தால் தோலை விறைப்பாக வைத்திருந்த கலைஞர்கள் உண்டு. அதற்காகத் துளைத்த துளைகளும் உள்ளே செலுத்திய மின்கம்பியின் தடங்களும் இன்னும் சில பழைய பாஸ் டிரம்களில் காணப்படுகின்றன. 1950களின் பிற்பாதியில் சிக் எவன்ஸும், 1957இல் ரெமோ நிறுவனத்தைத் தொடங்கிய ரெமோ பெல்லியும் மைலார் என்ற பாலியெஸ்டர் தகட்டால் ஆன தோல்களை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். வானிலைக்கு அசையாத இந்தத் தோல் கிடைத்திராவிட்டால், அடுத்த பத்தாண்டில் எழுந்த பெருந்தேவையைக் கன்றுத்தோலை நம்பி எந்தத் தொழிற்சாலையும் சமாளித்திருக்க முடியாது.

அந்தத் தேவைக்குக் காரணமான நிகழ்ச்சி நன்கு அறியப்பட்டதே. 1963இல் லண்டனின் ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவிலிருந்த டிரம் சிட்டி கடையில் பீட்டில்ஸ் குழுவின் டிரம் கலைஞர் ரிங்கோ ஸ்டார் கருஞ்சிப்பி நிறத்து லட்விக் டிரம் செட் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். 1964 பிப்ரவரி 9 அன்று அக்குழு அமெரிக்காவின் எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வாசித்தபோது, பாஸ் டிரம்மின் முகப்பில் குழுவின் பெயருக்கு மேலே லட்விக் என்ற சொல்லையும் சுமார் 7 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தனர். சிகாகோவின் டேமன் அவென்யூ தொழிற்சாலையால் குவிந்த கோரிக்கைகளுக்கு எளிதில் ஈடுகொடுக்க முடியவில்லை. இந்த அவசரத்தின் சுவடுகளைச் சேகரிப்பாளர் இன்றும் கூட்டுக்குள் காண்கிறார்: கோணலாகக் குத்திய தேதி முத்திரை, வழிந்து உறைந்த பெயிண்ட், சமமில்லாத விளிம்பு. கூட்டின் உட்புறம் வெள்ளைப் பெயிண்டாக இருந்தால் அது பெரும்பாலும் 1960களின் தொடக்கம் வரையிலானது. சாம்பல் நிறப் புள்ளிப் பூச்சாக இருந்தால் அதற்கு அடுத்த ஆண்டுகளைச் சேர்ந்தது. பேட்ஜில் வரிசை எண் இருந்தாலும் அதை மட்டும் நம்பி ஆண்டைக் கணிக்க முடியாது. தொழிலாளர்கள் பேட்ஜ்களை எண் வரிசைப்படி எடுக்காமல், பெட்டியிலிருந்து கைக்கு வந்ததை எடுத்துப் பொருத்தினர்.

1970களில் ராக் இசை ஒலிபெருக்கிகளோடு உரத்தபோது, கனத்த தாங்கிகளும் தடித்த கூடுகளும் வேண்டப்பட்டன. அவற்றைக் குறைந்த விலையில், மேலும் துல்லியமாக, பேர்ல், தாமா, யமஹா ஆகிய ஜப்பானிய நிறுவனங்கள் கொடுத்தன. 1967இல் புரூக்ளினின் கிரெட்ச் நிறுவனம் பால்ட்வின் பியானோ நிறுவனத்துக்கும், 1981இல் லட்விக் நிறுவனம் செல்மர் நிறுவனத்துக்கும் விற்கப்பட்டன. லட்விக்கின் உற்பத்தி சிகாகோவை விட்டு வட கரோலினாவுக்குச் சென்றது. அடகுக்கடைகளிலும் பள்ளிகளின் சரக்கறைகளிலும் மலிவாகக் கிடந்த பழைய டிரம்களைச் சிலர் திரட்டத் தொடங்கியது இக்காலத்தில்தான். 1990களில் அவர்களுக்கெனத் தனி இதழும், சிகாகோ பகுதியில் ஆண்டுதோறும் கூடும் கண்காட்சியும் இருந்தன; பழைய விலைப்பட்டியல்கள் மறுபதிப்பாயின; ஒரு கூட்டின் வயதைக் கண்டறிவது தனிக் கலையாயிற்று. 2015இல் ஓர் ஏலத்தில் ரிங்கோவின் முதல் லட்விக் செட் 20 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. ஆனால் அது ஒரு புகழ்பெற்ற மனிதருக்குக் கிடைத்த விலை. இப்பொழுதுபோக்கின் உயிர் அங்கே இல்லை.

அதன் உயிர் வாசிப்பில் இருக்கிறது. வயதேறிய மரம் இனிமையாக ஒலிக்கும் என்று பலர் சொன்னாலும், அதைவிட ஏற்கத்தக்க காரணம் கூட்டின் அமைப்பிலேயே உள்ளது. மேப்பிள், பாப்ளர், மஹோகனி போன்ற மரங்களின் மூன்றே ஏடுகளால் ஆன மெல்லிய கூடும், அதைத் தாங்கும் வளையமும், தோல் அகலமாகப் படியும் உருண்ட விளிம்பும் சேர்ந்து மேல் ஒலிகளை அடக்கி, அடியொலியை வெளிக்கொணர்கின்றன. கூர்மையான விளிம்புள்ள நவீன டிரம்மில் ஒலி நெடுநேரம் நீளும். பழையதில் அது திரண்டு எழுந்து விரைவில் ஓய்ந்துவிடும். ஆகவே சமமில்லாத பழைய விளிம்பைச் சீவி நேராக்கலாமா என்பதே இவர்களிடையே ஓயாத வழக்காக இருக்கிறது. சீவினால் சுருதி எளிதில் சேரும்; தொழிற்சாலை விட்ட வடிவமோ திரும்பாது.

இக்கேள்விக்கு நடைமுறையில் ஒரு வழியைத் திறந்துவிட்டவர்கள் 1970களின் கலைஞர்களே. அவர்களில் பலர் புதிய கனத்த டாம்-டாம் தாங்கிகளைப் பொருத்துவதற்காகத் தம் பழைய லட்விக், கிரெட்ச் கூடுகளில் தயக்கமின்றித் துளையிட்டனர். அப்படித் துளைபட்டதும், நிறம் மாற்றப்பட்டதும், உறுப்புகள் கலந்துபோனதுமான டிரம் சேகரிப்புச் சந்தையில் பாதி விலைகூடப் பெறாமல் போவதுண்டு. மாசற்ற செட்டுக்குப் பணம் இல்லாத இளைஞர்கள் அத்தகையதையே வாங்கி, துளைக்கு மரச்செருகல் அடைத்து, தேவையானால் விளிம்பையும் சீவி, வாரந்தோறும் மேடைக்குக் கொண்டுபோகின்றனர்.