மாலைக்குப் போகாத பூ

பெசன்ட் நகர் வீட்டு வாசல்கள்ல தை மாசத்துல தொட்டியில தட்டு மாதிரி விரிஞ்சு நிக்குமே, டேலியா. அதுக்கு ஒரு தமிழ்ப் பேர் சொல்லுங்க பார்ப்போம். எனக்குத் தெரிஞ்சு ஊர்ல யாரும் வேற பேர் சொல்லிக் கேட்டதில்ல. ஆனா அதே மெக்சிகோவிலிருந்து வந்த இன்னொரு பூவுக்கு துலுக்கச் சாமந்தின்னு பேர் வெச்சு, ஆயுத பூஜைக்கு லாரி முகப்புல வரைக்கும் மாலை கட்டிட்டோம். ரெண்டும் ஒரே குடும்பம்தான். டேலியா மட்டும் ஏன் இன்னும் விருந்தாளியாவே இருக்கு?

1789-ல டேலியா விதை மெக்சிகோவிலிருந்து ஸ்பெயின் நாட்டு மாட்ரிட் தாவரவியல் தோட்டத்துக்குப் போச்சு. 1791-ல அங்க இருந்த கவனில்லெஸ், ஆண்டர்ஸ் டால்ங்கற ஸ்வீடன் தாவரவியலாளர் நினைவா அதுக்குப் பேர் வெச்சார். உருளைக்கிழங்கு மாதிரி அதோட கிழங்கைச் சாப்பிடலாமான்னும் ஐரோப்பாவுல பார்த்தாங்க. ருசி பிடிக்கல. பூவுக்காகவே வளர்த்து, ஒட்டுச் சேர்த்து ஆயிரக்கணக்கான ரகம் ஆக்கிட்டாங்க.

மெக்சிகோவுல அது மலைச்செடி. அதனாலதான் 1848-ல மெக்ஐவர் அமைக்க ஆரம்பிச்ச ஊட்டி தாவரவியல் பூங்காவுல நல்லா வருது. சமவெளியில மழையும் வெயிலும் அதுக்கு ஆகாது.

விவசாயி கண்ணுக்கு இன்னொரு காரணமும் தெரியும். துலுக்கச் சாமந்தியில காய்ஞ்ச பூவைக் கசக்கித் தூவினாலே முளைச்சிடும். ஊர் ஊரா முந்தானையில முடிஞ்சு கொண்டு போயிடலாம். டேலியா விதை தாய்ச்செடி மாதிரி பூக்காது. அதே பூ வேணும்னா கிழங்குதான். உருளைக்கிழங்குக்கு உடம்பெல்லாம் கண்ணு, இதுக்குக் கழுத்துல மட்டும். கழுத்து ஒடிஞ்ச கிழங்கு முளைக்காது. வாசமும் இல்ல, காம்பில்லாம கட்டினா சீக்கிரம் துவண்டும் போகும். சாமிக்கும் போகல, சந்தைக்கும் போகல.

பெசன்ட் நகர்ல ஐப்பசி, கார்த்திகை மழையில தண்ணி தேங்கினா கிழங்கு அழுகிடும். அடியில ஓட்டை போட்ட தொட்டி, பாதி மணல், கடல்காத்து நேரா அடிக்காத மூலை, இதான் தோது. மார்கழி, தையில பூத்து, பங்குனி வெயில்ல சுருண்டுடும். அப்ப குப்பையில போடாதீங்க. தண்டோட ஒட்டின கிழங்கை எடுத்து, காய்ஞ்ச மணல்ல நிழல்ல வெச்சுப் பாருங்க. எல்லாம் பிழைக்காது, பிழைச்சதைப் பிரிச்சு அடுத்த வீட்டுக்கும் ஒண்ணு குடுங்க.

உங்க நகருக்குப் பேர் தந்த அன்னி பெசன்ட் அம்மா 1847-ல லண்டன்ல பிறந்தவங்க. 1893-ல இந்தியா வந்து, 1933-ல அடையாறுலயே கண்ணை மூடினாங்க. வந்தவங்க பேரே ஊருக்குப் பேராச்சு. கைமாறிப் பழகினா இந்தப் பூவுக்கும் ஒரு தமிழ்ப் பேர் வராமலா போகும்?