குடிநீரிலுள்ள புளோரைட்டு: ஓர் அளவின் வரலாறு

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது தமிழ் மக்கள் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. அந்த அளவு எவருக்கு உரியது என்பதைப் பழமொழி கூறவில்லை. உடல்நலம் உள்ளவனுக்கு ஏற்ற அளவே நாட்பட்ட நோயாளிக்கும் ஏற்றதாகுமா? குடிநீரிற் கலந்துள்ள புளோரைட்டு என்னும் பொருளின் வரலாற்றிலே இவ்வினா மிகவும் பிந்தியே எழுந்தது. பிந்தி எழுந்தமையாற் சில உயிர்களும் பலியாயின.

1901 ஆம் ஆண்டில் பிரெடரிக் மக்கே என்னும் இளம் பல் வைத்தியர், ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரிலே தொழில் புரியச் சென்றார். அங்கு பிறந்து வளர்ந்தோர் பலரின் பற்களிற் கபில நிறக் கறை படிந்திருத்தலைக் கண்டு வியப்புற்றார். 1909 இல் பல் மருத்துவ அறிஞராகிய ஜி. வி. பிளாக் அவருடைய ஆராய்ச்சியிற் சேர்ந்துகொண்டார். கறை படிந்த பற்கள் எளிதிற் சூத்தை கொள்வதில்லை என்பதும் புலனாயிற்று. குடிநீரே கறைக்குக் காரணம் என மக்கே ஐயுற்றார். ஆயினும், நீரிலுள்ள பொருள் யாதென அறிவதற்கு மேலும் பல ஆண்டுகள் சென்றன. 1931 இல் அலுமினியக் கம்பனி ஒன்றின் தலைமை இரசாயனவியலாளராகிய எச். வி. சேர்ச்சில் என்பவர், ஆர்க்கன்சா மாநிலத்துப் பொக்சைட் என்னும் ஊரின் நீரைப் பகுத்தாராய்ந்து, அப்பொருள் புளோரைட்டு எனக் கண்டறிந்தார்.

இதன் பின்னர் அமெரிக்கப் பொதுச் சுகாதார சேவையைச் சேர்ந்த ட்ரெண்ட்லி டீன் என்பார் 21 நகரங்களில் 12 முதல் 14 வயது வரையுள்ள 7,257 சிறுவரின் பற்களை ஆராய்ந்தார். ஒரு லீற்றர் நீரில் ஏறக்குறைய 1 மில்லிகிராம் புளோரைட்டு இருப்பின், பற்சூத்தை குறையும். பற்களிலே குறிப்பிடத்தக்க கறையும் ஏற்படாது என்பது அவர் கண்ட முடிபு. அம்முடிபை அடிப்படையாகக் கொண்டு, 1945 சனவரியில் மிச்சிகன் மாநிலத்துக் கிராண்ட் றப்பிட்ஸ் நகரின் குடிநீரில் முதன்முதலாகப் புளோரைட்டுக் கலக்கப்பட்டது. ஏனைய நகரங்களும் அதனைப் பின்பற்றின. அந்த அளவு சிறுவரின் பற்களைக் கொண்டு வகுக்கப்பட்டது என்பது நேயர்கள் நினைவிற் கொள்ளத்தக்கது. முதியோரின் எலும்பும் நோயாளரின் சிறுநீரகமும் அன்று அளவுகோலாக அமையவில்லை.

புளோரைட்டு மிகுந்தால் எலும்பையும் தாக்கும் என்பது அக்காலத்தில் அறியப்படாத செய்தியன்று. கோபன்ஹேகன் நகரிலே கிரயோலைற்று என்னும் கனியத்தை அரைக்கும் தொழிலாளரின் எலும்புகள் மிகையாக இறுகியிருத்தலை 1932 இல் டென்மார்க்கு வைத்தியர் இருவர் வெளிப்படுத்தினர். 1937 இல் ஷோர்ட், பண்டிட், இராகவாச்சாரி ஆகிய ஆராய்ச்சியாளர், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டக் கிராமங்களில் நிலவிய நோயை விவரித்தனர். அங்கே கிணற்று நீரைப் பல்லாண்டுகள் பருகியோர், முதுகெலும்பு இறுகிக் குனியவும் நிமிரவும் இயலாதவராயினர்.

உடலுட் செல்லும் புளோரைட்டில் ஏறக்குறையப் பாதியை, நலமுள்ள வளர்ந்தோரின் சிறுநீரகங்கள் வெளியேற்றுகின்றன. எஞ்சியதிற் பெரும்பகுதி எலும்பிலே படிகின்றது. சிறுநீரகம் தளர்ந்தவனிடத்தில் வெளியேறும் பங்கு குறைய, குருதியிலும் எலும்பிலும் தங்கும் பங்கு கூடுகின்றது. கட்டுக்கடங்காத நீரிழிவு உடையோர் தாகமிகுதியால் நீரை மிகுதியாகப் பருகுவர்; ஆகவே, அவர்கள் உட்கொள்ளும் புளோரைட்டும் மிகும். ஒரே கிணற்று நீர் ஒரே வீட்டிலுள்ள இருவருக்கு இருவேறு அளவாக முடிதல் இவ்வாறே.

1960 இல் சியாட்டில் நகரிலே, சிறுநீரகம் செயலிழந்தோரின் குருதியைப் பொறிமூலம் மீண்டும் மீண்டும் சுத்திகரித்து, அவரை நீண்டகாலம் வாழவைக்கும் முறை தொடங்கிற்று. நலமுள்ளவர் ஒருவர் கிழமைக்கு ஏறக்குறைய 14 லீற்றர் நீர் பருகுவார். இச்சிகிச்சை பெறுபவரின் குருதியோ, கிழமைக்கு 300 லீற்றருக்கு மேற்பட்ட நீருடன் மெல்லிய சவ்வொன்றின் ஊடாகத் தொடர்பு கொள்கின்றது. புளோரைட்டுக் கலந்த நகர நீரைப் பயன்படுத்தினால் நோயாளரின் குருதியில் அப்பொருள் உயர்கின்றது என்பது 1965 அளவில் அறியப்பட்டது.

1979 நவம்பரில் மேரிலாந்து மாநிலத்து அன்னாபொலிஸ் நகரின் நீரிலே தவறுதலாகப் புளோரைட்டு அளவுகடந்து கலந்துவிட்டது. சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த எட்டு நோயாளர் நோயுற்றனர். அவருள் ஒருவர் இறந்தார். 1993 இல் சிக்காகோ நகரத்து மருத்துவ நிலையம் ஒன்றிலே, நீரைத் தூய்மையாக்கும் கருவியின் ஆற்றல் தீர்ந்துபோயிற்று. அது முன்னர்ப் பற்றிவைத்திருந்த புளோரைட்டை நீரிலேயே மீண்டும் விடுவித்தது. பன்னிருவர் நோயுற்று, மூவர் உயிரிழந்தனர். சிகிச்சைக்குரிய நீரை முற்றாகத் தூய்மையாக்கி, இடையறாது சோதித்தல் எத்துணை இன்றியமையாதது என்பதை இத்துன்பங்கள் உணர்த்தின.

இலங்கையின் வரண்ட வலயத்திலே புளோரைட்டு இயற்கையாகவே பாறையினின்றும் கரைந்து கிணற்று நீரிற் சேர்கின்றது. அனுராதபுரம், பொலனறுவை முதலிய மாவட்டங்களில், நீரிழிவோ உயர்குருதி அமுக்கமோ இல்லாத கமக்காரரிடையே காரணந் தெரியாத சிறுநீரக நோய் பரவியமை 1990 களில் வெளிப்பட்டது. வவுனியா மாவட்டத்துச் சில பகுதிகளும் இந்நோய்க்கு விலக்கல்ல. வன்னீரும் புளோரைட்டும் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன என்பது அறிஞர் முன்வைத்த கொள்கைகளுள் ஒன்று. கமத்தொழில் இரசாயனங்கள், பார உலோகங்கள், கடும் வெயிலில் நீரின்றி உழைத்தல் ஆகியனவும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. முடிந்த முடிபு இன்னும் எட்டப்படவில்லை. லீற்றருக்கு 1 மில்லிகிராம் அளவிலான புளோரைட்டு நலமுள்ள சிறுநீரகத்தைக் கெடுக்கும் என நிறுவப்படவுமில்லை. எனினும், நோய் எக்காரணத்தால் வந்திருப்பினும், வந்த பின் அதே கிணற்று நீரைப் பருகுபவரின் உடலிற் புளோரைட்டுக் கூடுதலாகத் தங்கும் என்பதில் ஐயமில்லை.

உலக சுகாதார நிறுவனம் 1984 இல் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் என்னும் மேல் எல்லையை வகுத்தது. நாட்டின் காலநிலையையும் மக்கள் பருகும் நீரின் அளவையும் கருத்திற் கொண்டே ஒவ்வொரு நாடும் தன் எல்லையைத் தீர்மானித்தல் வேண்டும் என்பதும் அதன் அறிவுரையாகும். அமெரிக்காவும் 2015 இல், நீரிற் கலப்பதற்குரிய அளவை 0.7 மில்லிகிராமாகக் குறைத்தது. ஒருமுறை வகுத்த அளவு என்றும் மாறாதது அன்று என்பதற்கு இவை சான்றாகும்.

கொதிக்கவைத்தல் கிருமிகளைக் கொல்லும், புளோரைட்டை அகற்றாது. நீர் வற்ற வற்ற எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவுங் கூடும். தேயிலையும் புளோரைட்டைத் தன்னகத்தே சேர்த்துவைப்பது. ஆதலின், கடுந் தேநீரைப் பலமுறை பருகுவோர் அதனையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும். சிறுநீரக நோயாளர் உள்ள வீட்டார், தம் கிணற்று நீரை நீர்வழங்கல் சபையின் ஆய்வுகூடம் போன்றதோர் இடத்திற் பகுப்பாய்வு செய்வித்து, அம்முடிபை வைத்தியரிடம் காட்டுதல் நன்று. மழைநீரோ, புளோரைட்டு அகற்றிய நீரோ கிடைக்குமாயின், வீட்டிலே அதனை முதற்கண் நோயாளிக்கு ஒதுக்குதல் வேண்டும்.