ஒரே வளாகம், இரண்டு வழிகள்: இந்தியப் பல்கலைக்கழகங்களில் பணித் தகராறுத் தீர்வின் வரலாறு

பல்கலைக்கழகப் பணித் தகராறு பெரும்பாலும் சிறிதாகவே முளைக்கிறது. கால அட்டவணை, தேர்வுப் பணி ஒதுக்கீடு, பணிமூப்புப் பட்டியலில் யார் பெயர் முன்னால், ஆய்வுக்கூட உதவியாளர் யார் சொல்லைக் கேட்பது என்பது போன்றவை அவை. இவை ‘17 பி’ எனப்படும் குற்றச்சாட்டுக் குறிப்பாணையாக, இடைநீக்கமாக, ரிட் மனுவாக முற்றுவதற்குள் இரு தரப்பும் உட்கார்ந்து பேச ஓரிடம் ஏன் உருவாகவில்லை? ஆசிரியருக்கு ஒரு வழி, அலுவலருக்கு வேறு வழி என்று சட்டம் பிரிந்துபோனதே முதன்மைக் காரணம் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

தொடக்கம் நம்பிக்கை தருவதாகவே இருந்தது. தில்லிப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, பணி ஒப்பந்தம் பற்றிய பிணக்கை நடுவர் தீர்ப்பாயத்திடம் கொண்டுசெல்லும் உரிமையை ஆசிரியருக்கு வழங்கியது. நிர்வாகத்தின் சார்பில் ஒருவர், ஆசிரியர் சார்பில் ஒருவர், பல்கலைக்கழகத்தின் விசிட்டர் (பார்வையாளர்) நியமிக்கும் பொது நடுவர் ஒருவர் என மூவர் கொண்ட அமைப்பு அது. பணிநீக்கம் செய்யப்பட்ட பேராசிரியர் எஸ். தத் அங்கே முறையிட்டு வென்றார். நீக்கம் செல்லாது, அவர் இன்னும் பேராசிரியரே என்று தீர்ப்பாயம் சொன்னது. 1958-இல் உச்ச நீதிமன்றம் அந்த முடிவு செல்லாது என்றது. தனிநபர் பணி ஒப்பந்தத்தை வலிந்து நிறைவேற்ற முடியாது என்பது நீதிமன்றம் சொன்ன காரணம். இழப்பீடு கேட்கலாம், இழந்த பணியைக் கேட்க முடியாது என்பதுதான் இதன் நடைமுறைப் பொருள். வளாகத்துக்கு மிக அருகில் இருந்த நடுவர் அமைப்பு அந்தத் தீர்ப்போடு வலுவிழந்தது என்றே நான் கருதுகிறேன்.

அடுத்த வழக்கு ஓர் ஓட்டுநருடையது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் பேருந்து ஓட்டிய ராம்நாத், வேலை போனதும் 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டப்படி ஆட்குறைப்பு இழப்பீடு கேட்டார். 1963-இல் நீதிபதி கஜேந்திரகட்கர் எழுதிய தீர்ப்பு அவருக்கு எதிராக அமைந்தது. கல்வி நிறுவனத்தின் முதன்மைப் பணியாளர் ஆசிரியர்; ஆசிரியர் தொழிலாளர் அல்லர்; ஆகவே பல்கலைக்கழகம் அச்சட்டம் சொல்லும் தொழிலகமும் அன்று என்பது அதன் தர்க்கம். ஆசிரியரின் தகுதிநிலையைக் காட்டி ஓட்டுநரின் உரிமையை மறுத்த இந்தத் தர்க்கம் பெரும் அநீதி.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1978-இல், பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அதைத் திருத்தியது. ஏழு நீதிபதிகள் அமர்வின் பெரும்பான்மை முடிவின்படி கல்வி நிறுவனமும் தொழிலகமே ஆயிற்று. எழுத்தர், ஓட்டுநர், தோட்டப் பணியாளர் ஆகியோருக்குத் தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன் செல்லும் வாய்ப்பு கிடைத்தது. அவர் பதினான்கு நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும் என்பது அப்போதைய சட்டம். கல்வி நிறுவனங்களை விலக்கிவைக்க 1982-இல் கொண்டுவந்த திருத்தம் நடைமுறைக்கு வரவே இல்லை.

ஆசிரியர்கள் வெளியிலேயே நின்றார்கள். கோவாப் பள்ளி ஆசிரியை சுந்தராம்பாளின் வழக்கில் 1988-இல் உச்ச நீதிமன்றம், கற்பித்தல் உடலுழைப்போ எழுத்தர் பணியோ தொழில்நுட்பப் பணியோ அன்று, ஆகவே ஆசிரியர் ‘தொழிலாளர்’ ஆகார் என்று முடிவுசெய்தது. கல்லூரிகளுக்கும் இந்த விதியே பொருந்தியது. ஒரே துறையில் எழுத்தருக்குக் கிடைத்த சமரச வழி, பக்கத்து அறைப் பேராசிரியருக்குக் கிடைக்கவில்லை.

இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பிய முயற்சியாக 1976ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் (ஒழுங்குமுறை) சட்டத்தைக் குறிப்பிட வேண்டும். அதே ஆண்டு வைஷ் கல்லூரி வழக்கில், சங்கம் நடத்தும் கல்லூரியின் முதல்வர் மீண்டும் பணிகோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. தமிழ்நாட்டுச் சட்டமோ ஆசிரியரையும் பிற பணியாளரையும் ஒரே பாதுகாப்பின்கீழ் கொண்டுவந்தது. அரசு அலுவலரின் முன் அனுமதியின்றி நிர்வாகம் எவரையும் நீக்க முடியாது. மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு. ஆனால் நீக்கம் வரை போன பிறகே இந்தச் சட்டமும் கைகொடுத்தது.

2002-இல் டி. எம். ஏ. பாய் வழக்கில் பதினொரு நீதிபதிகள் அமர்வு, உதவிபெறாத நிறுவனங்களுக்கு முன் அனுமதிக் கட்டுப்பாடு தேவையில்லை என்றது. ஈடாக, மாவட்டந்தோறும் மாவட்ட நீதிபதி நிலையிலான ஒருவர் தலைமையில் கல்வித் தீர்ப்பாயம் வேண்டும் என்றது. 2010-இல் மக்களவை நிறைவேற்றிய கல்வித் தீர்ப்பாயங்கள் மசோதா மாநிலங்களவையில் தேங்கிச் சட்டமாகாமல் போனது.

பாலியல் துன்புறுத்தல் புகார்களில் மட்டும் நிலைமை வேறு. 1997இன் விசாகா தீர்ப்பும் 2013ஆம் ஆண்டுச் சட்டமும் ஆசிரியர், அலுவலர், மாணவர் எனப் பெண்கள் எல்லாரும் அணுகக்கூடிய உள்ளகக் குழுவை வளாகத்துக்குள்ளேயே அமைத்தன. பதவி வேறுபாடு கடந்த பொது அமைப்பு இயலாதது அன்று என்பதற்கு அதுவே சான்று.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் மாணவர் குறைகளுக்கு ஒரு குறைகேள் அலுவலரைத் தந்துள்ளன. ஓய்வுபெற்ற துணைவேந்தரோ பேராசிரியரோ முன்னாள் மாவட்ட நீதிபதியோ அப்பொறுப்பை ஏற்கலாம். குறிப்பாணை எழுதப்படுவதற்கு முன்பே அணுகக்கூடிய அத்தகைய ஒருவரை ஆசிரியருக்கும் அலுவலருக்கும் பொதுவாக நியமிக்க மானியக் குழுவும் மாநில அரசுகளும் முன்வர வேண்டும்.