உட்வர்ட் சாலையும் ஒரு கால்பந்து மைதானமும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரிலிருந்து பான்டியாக் வரை போகும் உட்வர்ட் அவென்யூவில் ஆகஸ்ட் மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை பழைய கார்கள் ஊர்வலம் போகும். 'உட்வர்ட் ட்ரீம் க்ரூஸ்' என்பது அதன் பெயர். ஏறத்தாழ 40,000 கார்கள், 10 லட்சம் பார்வையாளர்கள் என்பது அமைப்பாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. கடந்தகால ஏக்கத்தின் திருவிழா என்று இதற்குப் பெயர் சூட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள் பலர். ஏக்கம் மட்டுமே இருந்திருந்தால் இந்த வழக்கம் மறுபடி உயிர்பெற்றிருக்காது என்பது என் எண்ணம். அதை மீட்டுக் கொடுத்தது ஊருக்கு ஒரு கால்பந்து மைதானம் வேண்டுமென்று சிலர் செய்த நிதி திரட்டல்.

மீட்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கார்த் தொழில் வளர்ந்த வழியே இந்தச் சாலைதான். இதன் ஒரு மைல் நீளத்துக்கு 1909இல் கான்கிரீட் போட்டார்கள். நாட்டிலேயே அப்படிப் போடப்பட்ட முதல் மைல் அது என்பார்கள். ஹென்றி ஃபோர்டு 1913இல் நகரும் தொகுப்பு வரிசையை ஓடவிட்ட ஹைலண்ட் பார்க் ஆலையும் இதே சாலையில் இருக்கிறது. புறநகரில் சாலை இரண்டாகப் பிரிந்து, நடுவே புல்தரையோடும் வண்டியைத் திருப்பிக்கொள்ளும் இடைவெளிகளோடும் அகன்று போகிறது. ரவுண்டு அடிப்பதற்கென்றே போட்ட சாலை போலிருக்கும். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இளைஞர்கள் அதைத்தான் செய்தார்கள்: டோட்டம் போல், டெட்ஸ் போன்ற டிரைவ்-இன் உணவகங்களுக்கு இடையே இரவெல்லாம் போவதும் வருவதும், சிக்னலில் பக்கத்து வண்டிக்காரனைச் சீண்டி, பச்சை விழுந்ததும் பந்தயம் விடுவதும். கார் நிறுவனங்களின் பொறியாளர்களே புது எஞ்சின்களை இங்கே ஓட்டிப் பார்த்ததுண்டு. 1964இல் வந்த பான்டியாக் ஜிடிஓவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததில் இந்தச் சாலைக்கும் பங்குண்டு. ஆனால் சாலையோரத்தில் குடியிருந்தவர்களுக்கு அது தூக்கத்தைக் கெடுக்கும் இரைச்சல். காவல்துறைக்குத் துரத்திப் பிடிக்க வேண்டிய குற்றம். 1973இன் எண்ணெய் நெருக்கடியோடு பெரிய எஞ்சின்களின் காலமும் போனது. டிரைவ்-இன்கள் ஒவ்வொன்றாக மூடின.

அதன்பின் இருபது ஆண்டுகள், பழைய கார்களைத் துடைத்துப் பாதுகாத்தவர்களும் இருந்தார்கள், அவர்களது ஏக்கமும் இருந்தது, ஊர்வலம்தான் இல்லை. ஃபெர்ண்டேல் என்ற சிற்றூரில் பிளம்பர் வேலை பார்த்த நெல்சன் ஹவுஸ், சில தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டு, மைதானத்துக்குப் பணம் திரட்ட 1995 ஆகஸ்டில் இதைத் தொடங்கினார். முப்பது நாற்பதாயிரம் பேர் வந்தால் பெரிது என்று நினைத்தார்கள். வந்தவர்கள் இரண்டரை லட்சம் பேர். சாலை பழையது, கார்கள் பழையவை, ஓட்டியவர்களிலும் பலர் அன்று துரத்தப்பட்ட அதே ஆட்கள். மாறியது காரணம் ஒன்றுதான். அந்தக் காரணத்தால்தான் ஊராட்சிகளும் காவல்துறையும், தாங்கள் ஒருகாலத்தில் விரட்டிய கூட்டத்துக்குத் தாங்களே வழிவிட்டு நின்றன. பிற்பாடு வழியிலுள்ள மற்ற ஊர்களும் சேர்ந்தன. உள்ளூர்த் தொண்டு அமைப்புகள் அந்த நாளில் தின்பண்டமும் குளிர்பானமும் விற்று ஆண்டுச் செலவுக்குப் பணம் சேர்த்தன.

2020இல் கொள்ளைநோயால் நிகழ்ச்சி ரத்தான பிறகும் சிலர் கார்களோடு வந்தார்களே, அப்படியானால் நற்பணி வெறும் சாக்குதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இருபத்தைந்து ஆண்டுகளாக ஊரே ஏற்றுப் பழகிய பின் வந்தவர்கள் அவர்கள். அந்த ஏற்பு இல்லாத இருபது ஆண்டுகளில் யாரும் அப்படித் திரண்டதில்லை. பெரிய கார் நிறுவனங்கள் விளம்பரதாரர்களாக நுழைந்து இதைச் சந்தையாக்கிவிட்டன என்ற குறையில் உண்மை உண்டு. என்றாலும் கார் வைத்திருப்பவர் எவரும் கட்டணமின்றிச் சேரலாம், பார்ப்பவர் மடக்கு நாற்காலியோடு வந்து நடைபாதையில் உட்காரலாம் என்ற நிலை மாறவில்லை. அது மாறாதவரை இதை வெறும் சந்தை என்று என்னால் சொல்ல முடியாது.

பதில் சொல்ல முடியாத குறை ஒன்று இருக்கிறது. ஊர்வலம் தொடங்குவது எய்ட் மைல் சாலைக்கு வடக்கே, ஃபெர்ண்டேலில். அந்தச் சாலைதான் பெரும்பாலும் கறுப்பினத்தவர் வாழும் டெட்ராய்ட்டையும் பெரும்பாலும் வெள்ளையர் குடியேறிய புறநகர்களையும் பல தலைமுறைகளாகப் பிரித்து வைத்த எல்லை. திரட்டும் பணம் ஊரூராகப் பகிரப்படுவதால், ஊர்வலம் போகாத ஊருக்கு அதில் பெரிய பங்கிருக்க வழியில்லை. 1909இல் கான்கிரீட் போட்ட அந்த முதல் மைல், சிக்ஸ் மைல் சாலைக்கும் செவன் மைல் சாலைக்கும் இடையே, எல்லைக்குத் தெற்கே டெட்ராய்ட்டுக்குள் கிடக்கிறது. ஃபோர்டின் ஆலை இருப்பது அதற்கும் தெற்கே.